புராஜெக்டை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓர் அம்மாவின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளை நடத்துகிற, அங்கே தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஏதோ ஒரு பள்ளியைப் பற்றிய புகார் இல்லை இது. என் மகள் நான்காம் வகுப்பு, மகன் யு.கே.ஜி. நான் திருச்சியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். என் வீட்டில் நடப்பதுதான் என்னோடு வேலை பார்க்கும் பெண்களின் வீடுகளிலும் நடக்கிறது. மதிய சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் பேசிக்கொள்வதில் பாதி இதைப் பற்றித்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குப் புராஜெக்ட் வேலையை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். வகுப்பிலேயே, உங்கள் கண்ணெதிரே, அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லுங்கள்.

மாலையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கண்டோன்மென்டில் ஆபீஸ். ஆறு மணிக்குக் கிளம்பி, ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தாண்டி, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து சேர ஏழாகிவிடும். மாதத்தில் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள். அதை ஒட்டிய நாட்களில் இன்னும் தாமதமாகும். வந்ததும் தோசை ஊற்றி, சட்னி தாளித்து, சின்னவனுக்கு ஊட்டி, பெரியவளின் டைரியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு நிமிரும்போது வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்து நிற்கும். ‘டியர் மாம்ஸ், நாளை மறுநாள் சயின்ஸ் புராஜெக்ட். சோலார் சிஸ்டம் மாடல். நீட்டாக இருக்க வேண்டும்.’ சில சமயம் ‘நாளை’ என்றே வரும்.

உடனே ஸ்டேஷனரி கடை மூடுவதற்குள் ஓட வேண்டும். அங்கே போனால் நம் வகுப்பு அம்மாக்கள் இன்னும் ஐந்தாறு பேர் நிற்பார்கள். சார்ட் பேப்பர், தெர்மாகோல் பலகை, சின்னதும் பெரிதுமாகத் தெர்மாகோல் உருண்டைகள், போஸ்டர் கலர், ஃபெவிகால். சில கடைகளில் மாடலை முழுதாகச் செய்தே விற்கிறார்கள். நேரமில்லாதவர்கள் அதை வாங்கிப் போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகள் தூங்கும் நேரம் ஒன்பதரை. அதற்குமேல் உட்கார்ந்து தெர்மாகோலை வெட்டுவது யார்? பிளேடு பிடிக்கும் வயது அவளுக்கு இல்லை. அதில் ஸ்பிரே பெயிண்ட் அடித்தால் தெர்மாகோல் கரைந்து குழி விழும், தண்ணீர் கலந்த கலர்தான் ஒத்துக்கொள்ளும் என்பது இன்றைக்கு எங்கள் குழுவில் உள்ள எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். மாடலைச் செய்து கற்றுக்கொண்டது அம்மாக்கள்தான். மதிப்பெண் மட்டும் பிள்ளையின் பெயரில் ஏறுகிறது.

என் மகளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் கலர் அடித்த சூரியன் காயட்டும் என்று காத்திருக்கும்போது, ‘அம்மா, சனிக்கு மட்டும் ஏன் வளையம் இருக்கு?’ என்று கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி! வியாழனுக்கும் யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் கூட வளையம் உண்டு, அவை மங்கலாக இருப்பதால் நம் படங்களில் வரைவதில்லை என்பதில் தொடங்கி அரை மணி நேரம் பேசலாம். அந்தக் கேள்வி இரவு பத்து மணிக்கு, கண் சொக்கும் நேரத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்தது. உங்கள் வகுப்பில், நாற்பது பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது வந்திருக்க வேண்டிய கேள்வி அது.

மாடல் அடுத்த நாள் பள்ளிக்குப் போனது. ஒரு வாரம் வராண்டாவில் இருந்தது. பிறகு திரும்பி வந்தது. அதை எங்கே போடுவது? மக்காத பொருள். 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டுக்குக் கூடத் தடை போட்ட மாநிலம் இது. தடையைப் பற்றிச் சார்ட் எழுதி வரச் சொல்கிற பள்ளிகளே தெர்மாகோல் மாடலும் கேட்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இந்தப் புராஜெக்ட் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, வகுப்பில் செய்யும் செயல்பாடுகளைப் பார்த்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசியில் எழுதும் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்ணைப் பிரித்தார்கள். பரீட்சைத் தாளை மட்டும் வைத்துப் பிள்ளையை எடைபோடக் கூடாது, அது பாட்டுப் பாடுவதையும் செய்து பார்ப்பதையும் கேள்வி கேட்பதையும் ஆசிரியர் கவனிக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். நல்ல நோக்கம், நான் முழு மனதாக ஆதரிக்கிறேன். ஆனால் கவனிக்க வேண்டுமென்றால் பிள்ளை உங்கள் முன்னால் அல்லவா செய்ய வேண்டும்? இரவில் வீட்டில் அம்மா செய்ததை வைத்து எதைக் கவனிக்க முடியும்?

அளவு பற்றியும் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பை கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம் என்கிறது. வாரத்துக்கு, நாளுக்கு இல்லை. ஒரு சூரியக் குடும்பத்துக்கே அது போதாது.

இனி அந்த ‘டியர் மாம்ஸ்’ பற்றி. பள்ளியில் சேர்க்கும்போது அப்பா எண், அம்மா எண் இரண்டையும் வாங்குகிறீர்கள். குழுவில் சேர்ப்பது அம்மா எண்ணை மட்டும். என் கணவர் ஷிப்ட் வேலை பார்ப்பவர். காலையில் இரண்டு பேரையும் வண்டியில் கொண்டுபோய் விடுவது அவர்தான், காய் நறுக்குவதும் அவர்தான். செய்தி அவருக்கு வந்தால் கடைக்கு அவரே போய்விட்டு வருவார். ஆனால் அவரை யாரும் குழுவில் சேர்க்கவில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், அந்த வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்திருக்கிறது. 2019-இல் இது 299-க்கு 97-ஆக இருந்தது. இந்த இடைவெளியைப் பள்ளிகள் உண்டாக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு செய்தியையும் அம்மாவுக்கு மட்டும் அனுப்பும்போது அதைக் கொஞ்சம் பெரிதாக்குகிறீர்கள்.

சரி, அந்த நேரம் கிடைத்தால் நான் என்ன செய்வேன் என்று யாராவது கேட்கலாம். மகன் பிறந்த பிறகு மலைக்கோட்டைப் பக்கம் ஓர் அக்காவிடம் ஆரி வேலைப்பாடு கற்றுக்கொண்டேன். துணியை மரச்சட்டத்தில் விரைப்பாகக் கட்ட வேண்டும், விரலால் சுண்டினால் சத்தம் கேட்கிற அளவுக்கு. நுனியில் கொக்கி வைத்த ஊசி வலது கையில், மேலே. நூல் இடது கையில், துணிக்கு அடியில். ஊசியை இறக்கி, கீழே நூலைக் கொக்கியில் சுற்றிக் கொடுத்து, ஊசியை லேசாகத் திருப்பி மேலே இழுத்தால் ஒரு கண்ணி வரும். அந்தக் கண்ணிக்குள்ளிருந்து அடுத்தது. கை பழகிவிட்டால் கண் பார்க்காமலே ஓடும். அடியில் இருக்கும் இடது கையை நாம் பார்க்கவே முடியாது, விரலுக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நாள் முழுக்க வவுச்சரையும் திரையையும் பார்த்த கண்ணுக்கு அது ஓய்வு.

இதில் ஒரு விஷயம் உண்டு. சங்கிலித் தையலில் கடைசிக் கண்ணியை முடிச்சுப் போட்டு நிறுத்தாமல் எழுந்தால், நூல் எங்காவது மாட்டி இழுபட்டால் போதும், போட்ட வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போகிற வேலை இல்லை இது. அரை மணி நேரமாவது யாரும் கூப்பிடாத நேரம் வேண்டும். அப்படிப்பட்ட நேரம் எனக்குக் கிடைப்பது பிள்ளைகள் தூங்கியபின்தான். புராஜெக்ட் வந்து உட்காருவதும் சரியாக அங்கேதான்.

‘இவ்வளவு நல்லா போடறியே, பிளவுஸ் ஆர்டர் எடுக்கலாமே’ என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். நான் எடுக்கவில்லை. ஒரு பெண் கையால் ஏதாவது செய்தால் அது காசாக வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு உபயோகமாக வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடப் போனால் அதில் எவ்வளவு வருமானம் என்று யாரும் கேட்பதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் செய்கிறேன். அது போதுமான காரணம் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சட்டத்தை எடுத்து வைத்தால் மகளும் வந்து உட்காருவாள். பாசிமணியை நிறம் பிரித்துக் கிண்ணங்களில் போடுவாள், பத்துப் பத்தாக எண்ணி வைப்பாள். அவள் அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன். அதில் சாதா ஊசியால் ஓட்டுத் தையல் போட்டு ஒரு மீன் வரைந்திருக்கிறாள். தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை, வாலுக்குப் பக்கத்தில் நூல் சிக்கி ஒரு முடிச்சு. முழுக்க முழுக்க அவள் கை. வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள். சூரியக் குடும்ப மாடலை அவள் யாருக்கும் காட்டவில்லை, அது தன்னுடையது இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஆசிரியைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களில் நிறையப் பேர் எங்களைப் போலவே வேலைக்குப் போகும் அம்மாக்கள்தான். நாற்பது நோட்டைத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போனால், உங்கள் பிள்ளையின் வகுப்புக் குழுவிலிருந்து உங்களுக்கும் அதே செய்தி வருகிறது. கண்காட்சிக்கு அடுக்கி வைக்க அழகான மாடல்கள் வேண்டும் என்று நிர்வாகம் கேட்பதால்தான் பல நேரம் நீங்கள் கேட்கிறீர்கள் என்பதும் எங்களுக்குப் புரிகிறது. அதனால் தாளாளர்களே, முதலில் உங்களைத்தான் கேட்கிறேன். கண்காட்சி நாளில் கோணல் மாணலான மாடல்களை வையுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைச் செய்த பிள்ளை நின்று தன் வாயால் விளக்கட்டும். பார்க்க வரும் பெற்றோர் அதைத்தான் விரும்புவார்கள். நான் விரும்புவேன்.

வகுப்பிலேயே செய்ய நேரமும் பொருளும் எங்கே என்று கேட்பீர்கள். சூரியக் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். சூரியனின் குறுக்களவு பூமியைப் போல ஏறக்குறைய 109 மடங்கு. விளையாட்டு மைதானத்தில் சாக்பீஸால் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டால் அது சூரியன். அந்த அளவுக்குப் பூமி ஒரு கொண்டைக்கடலை. வியாழன் உரித்த தேங்காய் அளவு இருக்கும். கடலையைக் கையில் கொடுத்து, பூமி எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். ஏறக்குறைய 107 மீட்டர் தள்ளி! மைதானத்தின் மறுகோடி வரை பிள்ளைகள் ஓடுவார்கள், சில பள்ளிகளில் வாசலைத் தாண்டித் தெருவுக்கே போக வேண்டியிருக்கும். ஒரு பீரியட் போதும். செலவு ஒரு சாக்பீஸும் ஒரு கடலையும். தெர்மாகோல் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் குத்தி வைத்த உருண்டைகள் அந்தத் தூரத்தை ஒருநாளும் சொல்லாது.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கித் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் எங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும், 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை வகுப்பறையில்தான் ஆடவும் பாடவும் செய்து பார்க்கவும் வைக்கின்றன. கட்டணம் வாங்காத பள்ளிகளால் முடிவது உங்களாலும் முடியும்.

ஏதாவது கொண்டு வரச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் வீட்டில் கிடப்பதைக் கேளுங்கள்: பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, கொட்டாங்குச்சி, பாட்டில் மூடி, புளியங்கொட்டை. ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், நடுவில் ஒரு ஞாயிறு வரட்டும். மாலை ஆறு மணிக்குமேல் குழுவில் செய்தி வேண்டாம், அது உங்களுக்கும் நிம்மதி. அப்பாக்களையும் குழுவில் சேருங்கள்.

கைவேலை சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள். ஒரு சனிக்கிழமை காலை ஊசி நூலோடு வந்து, நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும், பையன்களுக்கும் சேர்த்து, ஓட்டுத் தையலும் பட்டன் தைப்பதும் சொல்லிக் கொடுக்க எனக்கு ஆசை. எங்கள் தெருவில் மாடித்தோட்டம் போடும் ஓர் அம்மா இருக்கிறார், வீணை வாசிக்கிற ஒருவர் இருக்கிறார். கேட்டால் வருவார்கள்.

அடுத்த பருவத்துக்கான புராஜெக்ட் பட்டியலை இன்னும் அனுப்பவில்லை என்றால், அதை வகுப்பு நேர அட்டவணையில் எந்த பீரியடில் வைக்கலாம் என்று இந்த வாரமே ஆசிரியர் கூட்டத்தில் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
ஸ்ரீரங்கம், திருச்சி.