பட்டாளத்துக்காரர் பெட்டியை எடைக்குப் போடாதீர்கள்

சென்னையில் வாழும் முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்,

வணக்கம். புனித ஜார்ஜ் கோட்டைக்குள், தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. 1948-இல் திறக்கப்பட்ட சிறிய காட்சியகம் அது. வாள், துப்பாக்கி, சீருடை, பதக்கம் எல்லாம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் நம் நகரத்தின்மீது வீசிய குண்டின் சிதறலும் இருக்கிறது. ஆனால் நான் நகராமல் நின்றது ஒரு மரக்கூண்டின் முன்னால்.

1840-இல், பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் நடந்த முதல் அபினிப் போரின்போது, மதராஸ் பீரங்கிப் படையின் கேப்டன் பிலிப் ஆன்ஸ்ட்ரூதரைச் சீனர்கள் அடைத்துவைத்த கூண்டு அது. வளர்ந்த ஆள் அதற்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. காலை நீட்டிப் படுக்கவும் முடியாது.

அதே போருக்கு 37-ஆம் மதராஸ் காலாட்படையின் சிப்பாய்களும் கப்பலேறினார்கள். 1841 மே மாதம் சீனாவின் கான்டன் நகருக்கு வெளியே, கொட்டும் மழையில், அவர்களில் ஒரு சிறு பிரிவு தனியே சிக்கிக்கொண்டது. வெடிமருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. திரண்டு வந்த ஊர்மக்கள் சூழ்ந்துகொள்ள, துப்பாக்கிமுனைக் கத்தியை நீட்டியபடி, மீட்க ஆள் வரும்வரை தோளோடு தோள் நெருக்கி நின்றார்கள். கேப்டனின் பெயர் நிலைத்துவிட்டது. அந்தச் சிப்பாய்களில் ஒருவர் பெயரைக்கூட நான் எங்கும் படித்ததில்லை.

வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்கள்தானே என்று சிலர் கேட்பார்கள். அபினி விற்பதற்காக நடந்த போரை நானும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனாலும் வயிற்றுப்பாட்டுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்த நம் ஊர்ப் பிள்ளை என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருக்கலாம். வீடு மாறும்போது முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவது அதுதான். தயவுசெய்து அதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். முதல் உலகப் போருக்காகச் சிப்பாய்களுக்குத் தரப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியால் ஆனது. அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வீரரின் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருப்பது தெரியும். சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவம் வழங்கிய பதக்கங்களின் விளிம்பிலும் பெயர் உண்டு. வெள்ளிப் பதக்கத்தை உருக்கினால் கொஞ்சம் வெள்ளி கிடைக்கும், பெயர் போய்விடும். பளபளப்புக்காகத் தேய்க்கவும் வேண்டாம், எழுத்து மழுங்கிவிடும்.

பெட்டியில் இருக்கும் புகைப்படங்களின் பின்புறம் யார், எங்கே, எப்போது என்று பென்சிலால் எழுதிவையுங்கள். பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அவர் சொல்வதைத் தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லையென்றால், கோட்டை அருங்காட்சியகத்தையோ, நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தையோ, பெங்களூரில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) மையத்தையோ கேட்டுப் பாருங்கள். கொடுப்பதாக இருந்தால் எழுத்துமூலம் ரசீது வாங்குங்கள். கொடுக்க மனம் வரவில்லையென்றால், பதக்கத்தின் விளிம்பையும் படையிலிருந்து விடுவித்த சான்றிதழையும் படமெடுத்து நகலையாவது அனுப்புங்கள்.

அன்புடன்,
ராயபுரத்திலிருந்து ஒரு வரலாற்று ஆர்வலர்