செஞ்சியின் மதிலையும் பாருங்கள்: இந்தியத் தொல்லியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2025 ஜூலையில் பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு, மராட்டியரின் 12 கோட்டைகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று எங்கள் செஞ்சி. அந்தச் செய்தியைக் கேட்டு நாங்கள் எல்லாருமே பூரித்துப் போனோம். இத்தனை காலமாகக் கோட்டையைக் காத்து வரும் உங்கள் துறைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. முதலில் அதற்கு நன்றி.

கேட்க வந்தது ஒன்றுதான். மலைமேல் இருக்கும் கட்டடங்களுக்குக் கிடைக்கும் கவனம், மூன்று மலைகளையும் சுற்றி வரும் மதிலுக்கும் கிடைக்க வேண்டும்.

செஞ்சிக்கு வருகிறவர்கள் டிக்கெட் வாங்குகிறார்கள், கல்யாண மகால் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள், நெற்களஞ்சியத்துக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். காலில் தெம்பு இருப்பவர்கள் 800 அடி ராஜகிரியில் ஏறி இறங்குகிறார்கள். அத்தோடு சரி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் மூன்றையும் இணைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் ஓடும் மதில் பலர் கண்ணில் படுவதே இல்லை. திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போகிறவர்கள் அந்த மதிலுக்கு ஊடாகத்தான் போகிறார்கள். இது என்ன சுவர், எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

அந்த மதிலை எடுத்துவிட்டால் செஞ்சி என்பது தனித்தனியாக நிற்கும் மூன்று பாறைக் குன்றுகள், அவ்வளவுதான். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆனந்தக்கோன் ஒரு குன்றில் கோட்டை கட்டத் தொடங்கினான் என்பது இங்கு வழிவழியாக வரும் கதை. விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட நாயக்கர்கள் காலத்தில் அது பெருங்கோட்டையானது. பிறகு பீஜப்பூர் சுல்தானின் ஆட்கள் வந்தார்கள். 1677இல் சிவாஜி வந்தார். அவர் இங்கே செய்த வேலையைப் பற்றி அக்காலத்து இயேசு சபைப் பாதிரியார் ஒருவர் எழுதிய கடிதம் இருக்கிறது. புது மதில்கள் எழுப்பியதையும் அகழி வெட்டியதையும் சொல்லிவிட்டு, ஐரோப்பியரே குறை சொல்ல முடியாத அளவுக்கு நேர்த்தியான வேலை என்று வியக்கிறார். யுனெஸ்கோ இந்த 12 இடங்களையும் ஒரே தொகுப்பாக எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் அந்த அரண் கட்டும் திறமைதான். நமக்குப் பெருமை தேடித் தந்தது மதில். அதன் பக்கம் போகத்தான் பாதை இல்லை.

அப்புறம் 1690 முதல் 1698 வரை நடந்த முற்றுகை. சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வெளியே. ஏறக்குறைய எட்டு வருடம்! சுல்பிகர் கான் மனதார முற்றுகையிடவில்லை, மராட்டியரோடு உள்ளுக்குள் உறவு வைத்திருந்தார் என்று சொல்லும் வரலாற்று ஆசிரியர்கள் உண்டு. இருக்கலாம். ஆனாலும் மூன்று மலையையும் இவ்வளவு நீள மதிலையும் இடைவெளி இல்லாமல் வளைத்து நிற்க முகலாயப் படைக்கே ஆள் போதவில்லை என்பதை மறக்கக் கூடாது. ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் வழி இருந்தது. கோட்டைக்குப் பலமே அந்த விரிவுதான். மலை உச்சியில் நின்று இதைப் புரிந்துகொள்ள முடியாது, மதிலோடு நடந்தால்தான் புரியும்.

தேசிங்கு ராஜன் கதையிலும் மதில் வருகிறது. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையெடுத்து வந்தபோது, இளைஞனான தேசிங்கு மதிலுக்குள் பதுங்கவில்லை. கொஞ்சம் குதிரைப் படையோடு வெளியே பாய்ந்து சண்டை போட்டுச் செத்தான். தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் அவனையும் அவன் நண்பன் மோவுத்துக்காரனையும் இன்றைக்கும் பாடுகிறார்கள். அவன் புறப்பட்ட வாசலை ஊர்ப் பிள்ளைகளுக்கு யாராவது காட்ட வேண்டாமா?

இப்போது மதிலுக்குக் கிட்டே போய்ப் பார்ப்போம். வெளிப்புறம் செதுக்கிய கருங்கல், உட்புறமும் கல், நடுவில் மண்ணும் கல் சல்லியும். சில இடங்களில் 60 அடி வரை கனம் சொல்கிறார்கள். பெரிய பாறை குறுக்கே வந்தால் அதை உடைக்காமல் அதன் மேலேயே வரிசை ஏற்றிவிட்டிருக்கிறார்கள், பாறையும் மதிலும் ஒன்றாகிவிட்டன. கல்லைப் பிளக்க ஆப்பு இறக்கிய குழிகள் வரிசையாக, ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுழையும் அளவில், அப்படியே இருக்கின்றன.

இப்படிக் கட்டிய மதிலுக்கு எதிரி பீரங்கி இல்லை, தண்ணீர். மேலே விரிசல் விட்டால் மழைநீர் நடுவில் இருக்கும் மண்ணுக்குள் இறங்கும். மண் ஊறிப் பெருத்து வெளிக்கல்லைத் தள்ளும். கொத்தனார்கள் இதைச் சுவர் வயிறு தள்ளுகிறது என்பார்கள். ஒரு கல் கழன்றால் அடுத்த மழையில் பத்துக் கல் கழலும். போதாததற்குப் பறவை எச்சத்தில் வரும் ஆலும் அரசும் இடுக்கில் வேர் விடும். செடியாக இருக்கும்போது கையால் பிடுங்கலாம். நாலு வருடம் விட்டால் அதை எடுக்கும்போது மதிலே சேர்ந்து வரும். அதனால் புதர் வெட்டுகிறோம் என்று ஜேசிபியைக் கிட்டே விட வேண்டாம். வளர்ந்த மரத்தை அறுத்து, வேரை உள்ளேயே பட்டுப்போக வைத்து, பொந்தை அடைக்க வேண்டும். அடைப்பதும் சிமெண்டால் கூடாது. சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இருக்காது. சுண்ணாம்புக் காரை தெரிந்த கைகளும் கல்வேலை தெரிந்த கைகளும் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு வேலை கொடுங்கள்.

கல் ஒரு முறை போனால் திரும்பாது என்பதற்குச் சாட்சி புதுச்சேரியில் நிற்கிறது. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உள்ள அழகான கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. தூண் போனது ஊருக்கே தெரியும். மதிலிலிருந்து உருண்டு விழும் கல் எங்கே போகிறது என்று யார் கணக்கு வைப்பது? அதனால்தான் முழு மதிலையும் துண்டு துண்டாகப் பிரித்து, எண் கொடுத்து, படம் எடுத்து வையுங்கள் என்று கேட்கிறேன். எது நன்றாக இருக்கிறது, எது வயிறு தள்ளியிருக்கிறது, எங்கே கல் விழுந்து கிடக்கிறது என்ற விவரம் மக்கள் பார்க்கும்படி தமிழில் இருக்கட்டும்.

மதிலை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களிடமும் பேசுங்கள். 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கிக் கட்ட வேண்டும் என்பது சட்டம். அது அவர்களுக்கு நோட்டீஸ் வந்த பிறகு தெரிவதைவிட, எல்லைக் கல் எங்கே என்று முன்கூட்டியே வரைபடம் போட்டுக் காட்டினால் பாதிச் சண்டை குறையும். மதிலைக் காவல் காக்கப் போவதும் பக்கத்து நிலத்துக்காரர்கள்தான்.

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய முடியாது என்று தெரியும். புதுச்சேரி வாயிலை ஒட்டி ஒரு கிலோமீட்டர் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முள் நீக்கி, நடக்கப் பாதை விட்டு, வழியில் நாலு தமிழ்ப் பலகை வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளை முதலில் அழைத்து வாருங்கள். மதிலின் மேல்விளிம்பில் தண்ணீர் இறங்கும் விரிசல்களை மட்டும், 13 கிலோமீட்டருக்கும், ஐப்பசி மழைக்கு முன்னால் பார்த்து அடைத்துவிடுங்கள். அதைத் தள்ளிப்போட முடியாது.

இப்படிக்கு,
செஞ்சி வட்டாரத்தில் ஒருவன்