மாப்ள, நீ கேட்ட காலேஜ் விஷயம்

மாப்ள,

நல்லா இருக்கியா, தங்கச்சி புள்ளைங்க எல்லாம் சௌக்கியமா? அன்னைக்கு போன்ல, இங்க அமெரிக்கால பெரியவன் படிக்கற காலேஜ்ல எந்த கோர்ஸ எங்க நடத்தறதுன்னு எப்படி முடிவு பண்றாங்கன்னு நீ கேட்டதுக்கு பதில் சொல்றப்ப பாதிலயே கட் ஆயிடுச்சு, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

பெரியவன் நோவாலதான் சேர்ந்திருக்கான், நார்தர்ன் வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜ். நாங்க இருக்கற ஆஷ்பர்ன் ஊர்ல நம்மாளுங்ககிட்ட சொன்னா "ஏன், யூனிவர்சிட்டில கெடைக்கலையா"ன்னு ஒரு மாதிரி பாக்கறாங்க. பைடன் அதிபரா இருந்தப்பவே அவர் சம்சாரம் அங்கதான் இங்கிலீஷ் பாடம் எடுத்துட்டு இருந்தாங்கன்னு சொன்னா வாயப் பொளக்கறாங்க, ஆனா புள்ளைய மட்டும் அனுப்ப மாட்டாங்க. இங்க ரெண்டு வருஷம் முடிச்சிட்டு ஜார்ஜ் மேசன் யூனிவர்சிட்டிக்கு போயிடலாம். 2018ல இந்த காலேஜும் அந்த யூனிவர்சிட்டியும் சேர்ந்து அட்வான்ஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, எந்தப் பாடம் எடுத்தா அங்க செல்லும்னு மொதல்லயே போட்டு வச்சிருக்கு.

சரி, நீ கேட்டது ஆறு கேம்பஸ வச்சிக்கிட்டு எந்த கோர்ஸ எங்க நடத்தறதுன்னு எப்படி முடிவு பண்றாங்கன்னுதான. பக்கத்துல என்ன வேலை இருக்கோ அதான் கணக்கு. ஆஷ்பர்ன் இருக்கற லவுடன் கவுண்டில (மாவட்டம் மாதிரி) எங்க திரும்பினாலும் டேட்டா சென்டர், அதாவது இன்டர்நெட்டுக்கான கம்ப்யூட்டருங்கள அடுக்கி வச்ச பெரிய கட்டடம், உலகத்துலயே வேற எங்கயும் இவ்ளோ நெருக்கமா கெடையாது, அதனால டேட்டா சென்டர் ஆபரேஷன்ஸ் கோர்ஸ் லவுடன் கேம்பஸ்ல. மனாசஸ்ல மைக்ரானோட சிப் ஃபேக்டரி, அங்க எஞ்சினியரிங் டெக்னாலஜி. ஸ்பிரிங்ஃபீல்டுல ஒரு கேம்பஸே நர்சிங், எக்ஸ்ரே, பல் சுத்தம் பண்றதுன்னு மருத்துவத்துக்குன்னே. இங்கிலீஷ், கணக்கு எல்லா எடத்துலயும் உண்டு, லேப் செலவு எகிறுறது மட்டும் ஒரே எடத்துல. காசுக்கு இது சரி, ஆனா வுட்பிரிட்ஜ்ல கார் இல்லாத ஒரு பையன் லவுடனுக்கு வந்து படிக்கணும்னா அவ்ளோதான், நாள் பூரா பஸ்லயே போயிடும், இத யாரும் பெருசா பேசறதில்ல.

எனக்குப் புடிச்சது என்னன்னா கம்பெனிக்காரங்க வந்து போட்டோ எடுத்துட்டுப் போறதோட முடியல, தொழில் சம்பந்தமான கோர்ஸுக்கு உள்ளூர் ஆளுங்க வச்சு கமிட்டி போட்டு சிலபஸ் வரைக்கும் பேசறாங்க. புது டிகிரி வரணும்னா மாநில அளவுல ஒப்புதல் வாங்கி வரணும், நாளாகும், அதனால சின்ன சர்டிஃபிகேட்டா மொதல்ல ஆரம்பிச்சுப் பாக்கறது. 2016ல இருந்து ஃபாஸ்ட்ஃபார்வர்டுன்னு மாநிலத் திட்டம் ஒண்ணு இருக்கு, குறுகிய காலப் பயிற்சிக்கு ஃபீஸ்ல மூணுல ஒரு பங்கு படிக்கறவன் கட்டினாப் போதும், பாதில ஓடிட்டா இன்னொரு பங்கும் அவன் தலையில. இது நம்ம ஊருக்கும் நல்லா ஒத்து வரும்னு தோணுது.

ஒரு பயம் மட்டும் இருக்கு மாப்ள. டேட்டா சென்டர கட்டறப்பதான் ஆள் நெறைய வேணும், கட்டி முடிச்சிட்டா அவ்ளோ பெரிய கட்டடத்துக்கு கொஞ்ச பேர் போதும். அதனால ஒரே கம்பெனியோட மெஷின மட்டும் சொல்லிக் குடுத்தா பையன் மாட்டிக்குவான், கரெண்ட்டும் கூலிங்கும் ஒழுங்கா கத்துக்கிட்டா ஆஸ்பத்திரிலயும் வேலை பாக்கலாம்.

உங்க பாலிடெக்னிக்குக்கு அந்த பம்ப் கம்பெனிக்காரங்க லேப் போட்டுத் தர்றேன்னாங்கன்னு சொன்னியே, சிலபஸ்ல கடைசி வார்த்தை யாரோடதுன்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே கேட்டுரு. அவங்க என்ன சொன்னாங்கன்னு எழுது.