வெட்டக் கூடாத தோல்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் இணைப்பிதழில் வந்த நக அழகுக் குறிப்புகளில் இரண்டு பிழைகள். நகத்தின் வேர்ப்பக்கத் தோலை நிப்பரால் (தோல் வெட்டும் சிறு குறடு) வெட்டிச் சுத்தமாக்கச் சொன்னது ஒன்று. கருவிகளை யுவி (புற ஊதா ஒளி) பெட்டிக்குள் வைத்தாலே கிருமி போய்விடும் என்றது மற்றொன்று. நக ஒப்பனைத் தொழிலில் இருப்பவர்களே பலர் இதை நம்புவதால் சற்று விரிவாக எழுதுகிறோம்.

கியூட்டிக்கிள் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன. நகத்தட்டின் மேல் மெல்லிய சவ்வுபோல ஒட்டி, நகம் வளர வளர அதோடு முன்னே நகர்ந்துவருவது இறந்த தோல். கியூட்டிக்கிள் என்பது அதுதான். அதற்குப் பின்னால் நகவேரை மூடியிருக்கும் மடிப்பு உயிருள்ள தோல். இரண்டும் சேர்ந்துதான் நகத்துக்கும் தோலுக்கும் நடுவிலுள்ள இடுக்கை அடைத்து வைத்திருக்கின்றன. மடிப்பை வெட்டினால் அந்த அடைப்பு திறந்துகொள்ளும். பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா உள்ளே புகுந்து, சில நாள்களில் அந்த இடம் சிவந்து வீங்கிச் சீழ் கோத்துவிடும். ஊரறிந்த நகச்சுற்று இதுவே. எந்நேரமும் ஈரத்தில் கை வைத்து வேலை செய்பவர்களுக்கு அது ஆறாமல் வாரக்கணக்கில் இழுக்கும். கேண்டிடா பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும்.

சரியான முறை கடினமானதல்ல. கியூட்டிக்கிள் ரிமூவரை நகத்தட்டின் மேல் மட்டும் தடவி, புட்டியில் எழுதியுள்ள நேரம் மட்டுமே விட வேண்டும். பல ரிமூவர்கள் காரத்தன்மை உள்ளவை. கூடுதல் நேரம் விட்டால் நல்ல தோலும் வெந்துபோகும். பிறகு புஷரை (சவ்வைத் தள்ளும் தட்டை முனைக் கருவி) சாய்த்துப் பிடித்து, தட்டில் ஒட்டிய சவ்வை மட்டும் மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டு, தண்ணீரால் கழுவ வேண்டும். நிப்பருக்கு வேலை, பிய்ந்து தொங்கும் தோல் நுனியை நறுக்குவது மட்டுமே. புஷரை அழுத்தினால் அடியிலுள்ள நகவேர் அடிபடும். விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது என்பதால், இன்று பட்ட அடி சில வாரங்கள் கழித்தே வெள்ளைப் புள்ளியாகவோ பள்ளமாகவோ வெளியே தெரியும். அப்போது பழி சுண்ணாம்புச்சத்துக் குறைவின் மேல் விழும்!

ஜெல், அக்ரிலிக் நகங்கள் ஓரத்தில் தூக்கிக்கொண்டால், அந்த இடைவெளியில் ஈரம் தங்கி பச்சை நிறம் ஏறும். பலர் பூஞ்சை என்று நினைக்கும் இது பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா உமிழும் நிறமி. இதன் மேல் புதுப் பூச்சு போடுவது ஈரத்தைப் பூட்டி வைப்பதற்குச் சமம். செயற்கை நகத்தை முழுதும் எடுத்துவிட்டு, நகத்தை உலர்வாக வைத்து, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கிருமி போன பிறகும் கறை இருக்கும். நகம் வளர்ந்துதான் அது வெளியேறும்.

இனி கருவிகள். யுவி ஒளி, தான் நேராக விழும் பரப்பில் மட்டுமே வேலை செய்யும். நிப்பரின் மூட்டும் வாய்ப்பகுதியும் நிழலில்தான் கிடக்கும். தோல் துணுக்கின் அடியிலும் ஒளி புகாது. சுத்தம் செய்த கருவியை எடுத்து வைக்க மட்டுமே அந்தப் பெட்டி உதவும். முதலில் நிப்பரைத் திறந்து சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும். அழுக்கு இருந்தால் அடுத்துப் போடும் கிருமிநாசினி வீரியமிழக்கும், ஈரம் இருந்தால் நீர்த்துப்போகும். பிறகு கிருமிநாசினியில் முழுதும் மூழ்கும்படி, லேபிளில் உள்ள நேரம் வரை வைக்க வேண்டும். பல மருந்துகளுக்கு இது 10 நிமிடம். முக்கி எடுப்பது கணக்கில் வராது. ஆல்கஹால் என்றால் 99 சதவீதத்தைவிட 70 சதவீதமே மேல், ஏனெனில் கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும். ஆனால் சில கிருமிகள் உருவாக்கும் கடினமான நுண்வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. தோலை வெட்டும் உலோகக் கருவிகளை, கழுவிய பின் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் கலன்) 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம் வைப்பதே நம்பகமானது. ஏனெனில், ரத்தம் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். நகம் தேய்க்கும் அட்டை ஃபைல், மெருகேற்றும் பஃபர், மரக்குச்சி ஆகியவற்றைக் கழுவிக் கிருமிநீக்க முடியாது. ஒருவருக்குப் பிறகு குப்பைக்குத்தான்.

கால் ஊறவைக்கும் தொட்டியின் வடிகட்டியைச் சுத்தம் செய்வதும் மறக்கப்படுகிறது. 2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் ஒரே நக நிலையத்தின் தொட்டிகளால் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காலில் சீழ்க்கட்டிகள் வந்தன. தண்ணீர் உள்ளிழுக்கும் வலைக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்கும் சேர்ந்து, மைக்கோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வளர்ந்திருந்தது. கால் முடியை மழித்துவிட்டு வந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது.

சீழ், சேற்றுப்புண், மரு, திறந்த புண் இருந்தால் அன்று வேலையைத் தொடக் கூடாது. நீரிழிவால் கால் மரத்தவருக்கு வெட்டுக் கருவி வேண்டாம். சோரியாசிஸ் என்ற தோல்நோய் பிறருக்கு ஒட்டாது; ஆனால் அதனால் தடித்த நகம் பூஞ்சையால் வரும் நகச்சொத்தைபோலவே தோன்றும், கண்ணால் பார்த்துப் பெயர் வைப்பது நம் வேலையல்ல. ஒரே நகத்தில் புதிதாகக் கறுத்த நெடுங்கோடு தோன்றி அகன்றுகொண்டே போனாலோ, கருமை தோலுக்கும் பரவினாலோ, அதைப் பாலிஷால் மறைக்காமல் உடனே தோல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அது மெலனோமா புற்றுநோயாக இருக்கலாம்.

திருத்தம் வெளியிடும்போது, நிப்பர் உயிருள்ள தோலைக் கவ்வியிருக்கும் அந்தப் படத்தையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
நக ஒப்பனைப் பயிற்சியாளர்கள்