பின்வளவுத் தோட்டமும் மே மாதப் பனியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரலில் நான்கு நாள் வெயில் எறித்ததும் ரொறன்ரோவில் நம்மவர் பலர் மிளகாய், கத்தரிக் கன்றுகளைப் பின்வளவில் நட்டுவிடுகின்றனர். நானும் ஒருமுறை அவ்வாறு நட்டு, ஓர் இரவுப் பனியில் இலைகள் வெந்த கீரைபோல் கறுத்துத் தொங்கக் கண்டவன். மே 25க்கு முந்திய திங்கட்கிழமையில் வரும் கனடிய விடுமுறை நாளான விக்டோரியா தினத்தை ஒட்டியே நடுவது என்ற இங்குள்ள வழக்கம், உறைபனியைக் கணக்கிட்டு வந்ததாகும். அதுவரை, யன்னலோரம் முளைக்கவைத்த கன்றுகளை ஒரு வாரம், பத்து நாள் பகலில் மட்டும் வெளியே வைத்துப் பழக்கலாம். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் களிமண்ணை ஈரத்தோடு கொத்தினால் காய்ந்ததும் கல்லாகிவிடும். கைக்குள் பிடித்த மண் உதிரும் பதத்தில் கொத்தி, மக்கிய எருவைக் கலந்து பாத்தி கட்டுவதே நன்று. பாகலுக்கும் புடோலுக்கும் பந்தல் போடுவோர் அயல்வீட்டு மேப்பிள் மரத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஏப்ரலில் இலையின்றி நிற்கும் அம்மரம் ஜூனில் பாதி வளவை நிழலாக்கிவிடும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ.