மொத்தத் தொகை மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு முருங்கைக்காய் ஏற்றிச் செல்ல, போன மாதம் புது பிக்கப் வாங்கினேன். சரக்கு வாகனத்துக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டதே என்று தெம்பாகப் போனால், ஷோரூமில் நீட்டிய துண்டுச்சீட்டில் மொத்தத் தொகை மட்டும்தான் இருந்தது. பிரித்து எழுதித் தந்தால்தான் ஆச்சு என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். வந்த தாளில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' 8,500 ரூபாய்! எதற்கு என்று கேட்டேன். பதில் இல்லை, பேனாவால் அடித்துவிட்டார்கள். இன்சூரன்ஸை வெளியே போட்டுக்கொள்கிறேன் என்றதும் அதிலும் பதினோராயிரம் இறங்கியது. அதை எங்கே எடுப்பது என்பது வாங்குபவர் இஷ்டம்தானே? கேட்கத் தெரியாதவர் தலையில் இதெல்லாம் விழுவதை நினைத்தால் வயிறு எரிகிறது. எக்ஸ்-ஷோரூம் விலை, வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதிய பலகையை ஷோரூம் வாசலிலேயே வைக்கச் சொல்லி போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும்.

– முருங்கை விவசாயி, மூலனூர்