முயல் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே சிங்கப்பூரில் நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். லிஃப்டுக்குப் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி உன்னை விசாரித்தார். நன்றாக இருக்கிறான் என்று சொன்னேன். இரவில் பட்டினியாகப் படுக்காதே.

இதைத் தாளில் எழுதித் தபாலில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உறையை எடுத்து வைத்த பிறகு மின்னஞ்சலே சரி என்று பட்டது. கைப்பேசியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

எங்கள் நூலக வாசகர் கூட்டத்தில் இந்த முறை என்ன புத்தகம் தெரியுமா? உன் முயல் புத்தகம். ரிச்சர்ட் ஆடம்ஸ் எழுதிய ‘வாட்டர்ஷிப் டவுன்’. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். எப்போது பார்த்தாலும் சிறுகதைதானா, ஒரு தடவை பிள்ளைகள் புத்தகத்தைப் பெரியவர்கள் படித்துப் பார்ப்போமே என்று அவள்தான் ஆரம்பித்தாள். நானூறு பக்கத்துக்கு மேல், அத்தனையும் ஆங்கிலம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆறு வாரம் படித்தேன். நீ பதினொரு வயதில் இதை எப்படித்தான் படித்தாயோ! எங்கள் இரண்டு குடும்பத்திலும் அப்படி ஒரு பிள்ளை கிடையாது. கூட்டத்திலும் வாய் நிறையச் சொன்னேன். இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டார்கள். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் என்றேன்.

நீ அந்தப் புத்தகத்தை எடுத்தது ஸ்டாம்ஃபோர்டு சாலையில் இருந்த சிவப்புச் செங்கல் நூலகத்தில். 2004இல் அதை மூடி, அப்புறம் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது சுரங்கப்பாதைக்குள் கார் ஓடுகிறது. பேருந்தில் அந்தப் பக்கம் போனால் நான் தலையைத் திருப்பிப் பார்ப்பேன், பார்க்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தும்.

கூட்டத்தில் ஒரே சண்டை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா, இது பிள்ளைகள் புத்தகமே இல்லை என்று தொடங்கினார். பஞ்சதந்திரத்திலும்தான் முயல் வருகிறது, சிங்கத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் அதன் நிழலையே காட்டிக் கதையை முடித்துவிடுகிறது, பிள்ளையும் தூங்கிவிடும் என்றார். இதில் வளையின் வாய்களை அடைத்து உள்ளே நச்சுப்புகை விடுகிறார்கள், கம்பிக் கண்ணி கழுத்தை இறுக்குகிறது. போதாததற்கு முயலுக்கென்று தனி மொழி, தனிப் புராணம். 1978இல் இது கார்ட்டூன் படமாக வந்தபோது எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று பிரிட்டனில் சான்றிதழ் கொடுத்தார்களாம். நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து, பெற்றோர் கூட இருப்பது நல்லது என்று மாற்றினார்களாம். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று மேசையைத் தட்டினார்.

ராணுவத்தில் வேலை பார்த்த அண்ணனுக்கோ வூண்ட்வோர்ட் என்ற முயல் தளபதியைப் பிடித்துப் போயிற்று. அந்தத் தளபதியின் ஊரில் ஒவ்வொரு முயலுக்கும் உடம்பில் ஓர் அடையாளம். எந்தக் கூட்டம் எப்போது மேலே போய்ப் புல் மேயலாம் என்று நேரம் குறித்திருக்கிறது. சுற்றிலும் காவல். ஒழுங்கு இருந்ததால்தானே பிழைத்தார்கள் என்றார் அண்ணன். புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை வைத்தவர் இந்தத் தளபதிதானா என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார், ஆனால் விடவில்லை. ஆடம்ஸ் இரண்டாம் உலகப் போரில் இருந்தவர், கூட இருந்த அதிகாரிகளை மனத்தில் வைத்துத்தான் சில முயல்களைப் படைத்தார், ராணுவம் தெரியாதவன் இதை எழுதியிருக்க முடியாது என்று கடைசிவரை சாதித்தார்.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பெண் முயல்கள் எங்கே என்று ஒரே கேள்வி கேட்டாள். பழைய ஊரை விட்டுப் புது இடம் தேடிக் கிளம்புகிற முயல் கூட்டத்தில் ஒன்றுகூடப் பெண் இல்லை. குன்றில் குடியேறிய பிறகுதான் குட்டி போட ஆள் வேண்டுமே என்று தலைவன் ஹேசலுக்கு ஞாபகம் வருகிறது. அவள் சொன்னது சரிதான். தளபதி ஊரில் இருக்கும் ஹைசென்த்லே என்ற பெண் முயல் எனக்குப் பிடித்தது, ஆனால் அவள் வருவதற்குள் பாதிப் புத்தகம் முடிந்துவிடுகிறது. எனக்குச் சிரிப்பு வந்த இடம் வேறு. வளை தோண்டுவது பெண்கள் வேலையாம். ஆண்கள் மட்டும் வந்து சேர்ந்ததால் வேறு வழியில்லாமல் தாங்களே தோண்டுகிறார்கள். இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் வசந்தம் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

ஆடம்ஸ் அரசாங்க வேலையில் இருந்தவர். நீண்ட கார்ப் பயணத்தில் இரண்டு மகள்களுக்கு வாய்க்கு வந்தபடி சொன்ன கதை இது. எழுதுங்கள் எழுதுங்கள் என்று அவர்கள் நச்சரித்ததால் எழுதினார். 1972இல் புத்தகம் வந்தபோது அவருக்கு வயது 52. அதற்கு முன் ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியிருக்கின்றன. அனுப்பிய பொட்டலம் அப்படியே வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஒன்றும் இல்லாவிட்டால் ரசம் வைத்து ஒரு முட்டை பொரித்துக்கொள். பட்டினியாக மட்டும் படுக்காதே.

பீஷான் பூங்காவில் நீர்நாய்களுக்குக் குறைவில்லை. போன வாரம் காலையில் நடக்கப் போனபோது ஒன்று கரையேறி, முன்னங்கால் இரண்டாலும் மீனைப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து தின்றது. எலும்பு நொறுங்குகிற சத்தம் பாதை வரைக்கும் கேட்டது. பெரிய பெரிய கேமராவோடு ஒரு கூட்டம் நின்று பார்த்தது. குட்டிகளை எண்ணிப் பார்த்து நாலு என்றார் ஒருவர், ஐந்து என்றார் இன்னொருவர்.

எண்ணிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. ஆடம்ஸின் முயல்களுக்கு நாலு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதற்கு மேல் ஐந்தோ ஆயிரமோ எல்லாம் ஒன்றுதான், ‘ஹ்ரெய்ர்’. எண்ணில் அடங்காதது. நீ கடைசியாகக் கூப்பிட்டுப் பேசியதிலிருந்து நாலு வாரம் வரைக்கும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கு அப்புறம் முயல் கணக்குதான். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம், தம்பி. இங்கே மணி எட்டு என்றால் அங்கேயும் எட்டு. லண்டனில் இருக்கும் உன் சித்தி மகனே ஞாயிறுதோறும் கூப்பிடுகிறான். நான் எது அனுப்பினாலும் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். அப்பாவின் ரத்தப் பரிசோதனைக்கும் கட்டைவிரல், நான் வைத்த மீன் குழம்புக்கும் கட்டைவிரல். வாட்ஸ்ஆப்பில் உன் படத்தையும் மாற்றியிருக்கிறாய். முன்பு நீங்கள் இரண்டு பேரும் இருந்தீர்கள், இப்போது கடல் இருக்கிறது. கடல் நன்றாகத்தான் இருக்கிறது.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலை அதிகம் என்று தெரியும். அந்த ஊரில் வேலை கிடைத்ததே எத்தனை பெரிய விஷயம்! எனக்கு அந்தப் பெருமை ஒரு நாளும் குறைந்ததில்லை.

கூட்டத்தில் நான் என் கருத்தைச் சொல்லவில்லை. என் முறை வந்தபோது, மொழி கொஞ்சம் கடினம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உனக்குச் சொல்கிறேன். என்னை உறங்கவிடாமல் செய்தது புகையும் இல்லை, தளபதியும் இல்லை. கௌஸ்லிப் என்ற முயலின் ஊர்தான். உனக்கு ஞாபகம் இருக்கும். கொழுத்த முயல்கள், பளபளக்கும் ரோமம். காரட்டும் கிழங்கும் தினமும் வெளியே கொட்டிக் கிடக்கும். நரி முதலான எதிரிகள் எதுவும் அண்டாமல் பண்ணைக்காரன் பார்த்துக்கொள்கிறான். அவனேதான் கண்ணியும் வைக்கிறான். அங்கங்கே ஒன்று இரண்டு காணாமல் போகும். போனது எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது. எங்கே என்று ஆரம்பித்தாலே அவர்கள் காதில் விழாத மாதிரி பேச்சை மாற்றுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். அத்தனை மரியாதையாக, அத்தனை அழகாக.

அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கிக் கரிந்ததுகூடத் தெரியவில்லை.

தொடக்கநிலை ஐந்தில் ஒரு ராத்திரி, நான் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நீ அந்தப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாய். அம்மா, அந்த முயல்கள் ஏன் எங்கே என்று கேட்கவே மாட்டேன் என்கின்றன என்றாய். கண் சிவந்திருந்தது. முயல் கதைக்கு என்னடா அழுகை, போய்த் தூங்கு என்றேன். மறுநாள் காலை வீட்டுக்கு வந்ததும் உன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் போய் நூலகத்தில் போட்டுவிட்டேன். நாள் தாண்டிவிட்டது, அபராதம் கட்டச் சொல்வார்கள் என்று உன்னிடம் சொன்னேன். நாள் தாண்டவில்லை. இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அது எந்த வருஷம் என்று உனக்குத் தெரியும். அந்த ஒன்பது மாதம். அப்பா பத்தாம் தீவில் கப்பல் பட்டறை வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். படகில் ஒரு மணி நேரம்தானே, ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டாய். கடல் சரியில்லை என்றேன். பரீட்சைக்குப் படி என்றேன். சோறு ஆறுகிறது என்றேன். பாட்டியையும் சித்தியையும் அதையே சொல்ல வைத்தேன். ஒரு நாள் நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். எவ்வளவு நல்ல பிள்ளை, புரிந்துகொண்டான் என்று நான் நிம்மதிப்பட்டேன். அப்பா திரும்பி வந்த அன்றும் நீ ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டாய்.

அவர் பத்தாமில் இல்லை. உனக்கு எப்போதோ தெரிந்திருக்கும். ஆனால் என் வாயால் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் இப்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதை எழுத எனக்குக் கை நடுங்குகிறது. எங்கே என்று கேட்கக் கூடாது என்று அந்த வீட்டில் உனக்குப் பழக்கிக் கொடுத்தவள் நான். இப்போது நானே கேட்க வாயெடுத்தால் தொண்டையில் நிற்கிறது. நீ கட்டைவிரலைக் காட்டினால் நான் எப்படிக் கோபித்துக்கொள்வது?

நீ படிக்காமல் விட்ட மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருவேளை நீயே பிறகு எடுத்துப் படித்திருப்பாய். ஹேசலின் ஆட்கள் அந்த ஊரை விட்டுக் கிளம்பும்போது ஸ்ட்ராபெரி என்ற முயல் மூச்சு வாங்க ஓடி வருகிறான், நானும் வருகிறேன் என்கிறான். அந்த ஊர்க்காரன் என்று மற்றவர்களுக்கு அவன்மேல் ஆத்திரம். உன் துணையிடமே திரும்பிப் போ என்று அவர்களில் ஒருவன் வெடுக்கென்று சொல்கிறான். கண்ணி என்கிறான் ஸ்ட்ராபெரி. அவ்வளவுதான். ஹேசல் அதற்கு மேல் எதையும் கிளறவில்லை. சேர்த்துக்கொண்டான். வாசகர் கூட்டத்தில் ஒருவர்கூட இந்த இடத்தைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தளபதியைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

நானும் அப்படித்தான். ஒரு சொல் போதும். மருமகளைப் பற்றி அதற்கு மேல் கேட்க மாட்டேன், சித்தியிடமும் பேச மாட்டேன். உன் அறையில் கட்டில் அப்படியேதான் இருக்கிறது. அப்பாவின் தையல் இயந்திரத்தை மட்டும் அங்கே வைத்திருக்கிறோம், நகர்த்திவிடலாம்.

தீபாவளிக்கு உனக்கு அனுப்பிய சட்டை போன மாதம் இங்கேயே திரும்பி வந்துவிட்டது. இந்த முகவரியில் ஆள் இல்லை என்று மேலே ஓர் ஒட்டுத்தாள். தபால்காரர் கையெழுத்துக் கேட்டபோது வாங்கிக்கொண்டேன், அப்பாவுக்குத் தெரியாது. அதை உன் அலமாரியில் மாட்டி வைத்திருக்கிறேன். நீல நிறம், கழுத்து 40 அளவு. நீ இளைத்திருந்தால் சொல், தேக்காவில் நம் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துவிடுகிறேன். அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை திறப்பதில்லை.

அன்புடன்,
அம்மா